கெட்டுப்போன கண் யாருக்கு ஆகும்?



போன மாதம் கண் தானம் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். "அருமை டீச்சர்" என்று நிறைய பேர் போட்டிருந்தீர்கள், சந்தோஷம். ஆனால் மூன்று பேர் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்டிருந்தார்கள்: கண்ணில் ஏற்கெனவே நோய் இருப்பவர்கள் தானம் கொடுத்து என்ன பயன்? எங்கள் வீட்டிலும் இரண்டு மாதமாக இதே பேச்சுதான். அதனால் இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை படியுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

என் பெரிய அக்காவைப் பலருக்குத் தெரியும். பள்ளி ஆண்டுவிழாவுக்கு மேடைக்கு முன்னால் பெரிய கோலம் போட வருவாரே, அவர்தான். இப்போது வயது 76. அவருக்கு இரண்டு கண்ணிலும் மாக்குலா தேய்ந்துவிட்டது. விழித்திரையின் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது. நேராகப் பார்ப்பதும், எழுத்தைப் படிப்பதும், முகத்தை அடையாளம் காண்பதும் அந்த இடத்தின் வேலை. வயதானவர்களுக்கு அது சிலபேருக்குத் தேய்ந்துபோகிறது. டாக்டர் சீட்டில் ஏ.எம்.டி. என்று எழுதுவார்கள். அக்காவுக்கு இது கோலத்தில்தான் முதலில் தெரிந்தது. புள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால் ஓரத்துப் புள்ளிகள் இருக்கின்றன, நடுவில் நாலைந்தைக் காணோம். பிறகு வாசல் நிலை வளைந்திருக்கிறது, தச்சரைக் கூப்பிடு என்றார். நிலை நேராகத்தான் இருந்தது.

இந்த நோயில் உலர் வகை, ஈர வகை என்று இரண்டு. ஈர வகைக்குக் கண்ணுக்குள் ஊசி போட்டுக் கட்டுப்படுத்துகிறார்கள். அக்காவுக்கு உலர் வகை. ஊசி அதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எங்களை எல்லாம் இப்போது குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்.

கண் தானம் கொடுக்க வேண்டும் என்பது அக்காவுக்குப் பழைய ஆசை. இப்போது அவரே, "கெட்டுப்போன கண், இது யாருக்கு ஆகும், விடு" என்கிறார். அக்கா மகன் வேறு காரணம் சொல்கிறான். கண்ணை எடுத்துவிட்டு அனுப்பினால் அம்மாவுக்கு அடுத்த பிறவியில் பார்வை இருக்காதாம். இதைச் சொல்பவன் பொறியியல் படித்தவன்! சரி, அது இருக்கட்டும். அக்காவின் கேள்விக்குத்தான் எனக்குச் சரியான பதில் வேண்டியிருந்தது. (இதை எல்லாம் பொதுவில் எழுதலாமா என்று கேட்காதீர்கள். அக்காவிடம் வாசித்துக் காட்டி, அனுமதி வாங்கிவிட்டேன்.)

பதில் ஒரு மாணவியிடமிருந்து வந்தது. என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவள். இப்போது வெளிநாட்டில், மரபணுத் தகவல்களைக் கணினியில் ஆராய்கிற வேலை. வீடியோ அழைப்பில் ஒன்றரை மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தாள். நானும் நோட்டு வைத்துக்கொண்டு எழுதினேன். அவள் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் என் பாணியில் சொல்கிறேன்.

நம் உடம்பில் ஏறக்குறைய எல்லா உயிரணுவிலும் அதே மரபணுத் தொகுப்பு இருக்கிறது. கல்லீரலில் இருப்பதுதான் கண்ணிலும். புரதம் செய்வதற்கான மரபணுக்கள் மட்டும் சுமார் 20,000. எல்லா அணுவிடமும் ஒரே புத்தகம் இருந்தால் ஒன்று கண்ணாகவும் ஒன்று கல்லீரலாகவும் எப்படி ஆகிறது? ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லா வகுப்பு அலமாரியிலும் அதே புத்தகக் கட்டு இருக்கிறது. ஆனால் வராந்தாவில் நடந்துகொண்டே கரும்பலகைகளைப் பார்த்தால் எந்த வகுப்பில் எந்தப் பாடம் நடக்கிறது என்று தெரிந்துவிடும். அலமாரியில் இருக்கும் புத்தகம் டி.என்.ஏ. கரும்பலகையில் எழுதியிருப்பது ஆர்.என்.ஏ. ஓர் அணு எந்த மரபணுவை எடுத்து எழுதுகிறது, எவ்வளவு எழுதுகிறது என்பதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறார்கள். 1995-இல் ஒரே நேரத்தில் பல மரபணுக்களின் வெளிப்பாட்டை அளக்கும் இரண்டு முறைகள் வெளிவந்தன. அதன்பின் ஆர்.என்.ஏ.வை நேரடியாகப் படித்தே எண்ணிவிடும் முறை வந்து, கரும்பலகை முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்க முடிந்தது.

ஒரு வித்தியாசத்தை மறக்காதீர்கள். புத்தகம் நாள்பட இருக்கும். கரும்பலகையில் இருப்பது அழிந்துவிடும். உயிர் போனபிறகு டி.என்.ஏ. நெடுநாள் தாங்கும், ஆர்.என்.ஏ. மணிக்கணக்கில் சிதையத் தொடங்கும்.

இது எதற்கு அக்காவுக்கு? சொல்கிறேன்.

2005-இல் இந்த நோய்க்கும் ஒரு மரபணுவுக்கும் தொடர்பு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் சி.எஃப்.எச். நோயாளிகள் 96 பேர், நோய் இல்லாதவர்கள் 50 பேர், இவ்வளவு பேரை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு அது. நம் எதிர்ப்புச் சக்தியில் ஒரு பிரிவு அளவுக்கு மீறிப் போகாமல் பிரேக் பிடிப்பது இந்த மரபணு தரும் புரதம். அந்தப் புரதத்தில் 402-ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறியிருப்பவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. இந்த நோயில் எதிர்ப்புச் சக்திக்கும் பங்கு உண்டு என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது அப்போதுதான்.

அதில் எழுத்துப்பிழை புரதத்துக்குள்ளேயே இருந்ததால் எளிதாகப் புரிந்தது. 2016-இல் 16,144 நோயாளிகளையும், நோய் இல்லாத 17,832 பேரையும் ஒப்பிட்டு மரபணுத் தொகுப்பில் 34 இடங்கள் இந்த நோயோடு தொடர்புள்ளவை என்று குறித்தார்கள். அங்கேதான் சிக்கல். அந்த மாற்றங்களில் பெரும்பாலானவை மரபணுக்களின் புரதம் எழுதும் பகுதிகளுக்கு வெளியே, இடைவெளிகளில் கிடக்கின்றன. சுற்றிலும் பல மரபணுக்கள். திருடன் இருக்கும் தெரு தெரிந்துவிட்டது, வீட்டு எண் தெரியவில்லை என்பது போல. இடைவெளியில் கிடக்கும் மாற்றம் என்ன செய்யும்? பக்கத்தில் உள்ள ஏதோ ஒரு மரபணுவை அதிகமாகவோ குறைவாகவோ எழுத வைக்கும். அதைத் தெரிந்துகொள்ள அந்த அணுவின் கரும்பலகையைத்தான் பார்க்க வேண்டும். கல்லீரலின் கரும்பலகையைப் பார்த்து விழித்திரையில் நடப்பதைச் சொல்ல முடியாது.

விழித்திரைக்கு எங்கே போவது? இரத்தம் என்றால் கையை நீட்டச் சொல்லி எடுத்துவிடலாம். உயிரோடு இருப்பவரின் விழித்திரையில் சோதனைக்காக ஒரு துண்டு வெட்ட முடியாது, வெட்டினால் பார்வை போகும். எலியை வைத்துப் பார்க்கலாமே என்று நான் கேட்டேன். மாணவி சிரித்தாள். "எலிக்கு மாக்குலாவே இல்லை டீச்சர்."

அமெரிக்காவில் 2010-இல் ஜி.டி.இ.எக்ஸ். என்று ஒரு பெரிய திட்டம் தொடங்கினார்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் சம்மதித்துக் கொடுத்த திசுக்களில் இதயம், நுரையீரல், மூளையின் பல பகுதிகள், தோல் என்று 50-க்கும் மேற்பட்டவற்றில் மரபணு வெளிப்பாட்டை அளந்து பொதுவில் வைத்தார்கள். உலகம் முழுவதும் ஆராய்ச்சியாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் பட்டியலில் விழித்திரை இல்லை. கண் நோயை ஆராய்கிறவர்களுக்கு எவ்வளவு பெரிய குறை பாருங்கள்.

அந்தக் குறையைத் தீர்க்க அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனத்தில் ஆனந்த் ஸ்வரூப், ரிங்கி ரத்னப்பிரியா முதலானோர் ஒரு வேலை செய்தார்கள். 2019-இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வந்தது. மினசோட்டா லயன்ஸ் கண் வங்கி மூலம் தானமாகக் கிடைத்த கண்கள். (நம் ஊரில் கண் முகாம் நடத்துகிறார்களே, அதே லயன்ஸ் இயக்கத்தின் பெயரில்தான் அங்கே கண் வங்கி.) மொத்தம் 453 பேருடைய விழித்திரை. ஒவ்வொன்றிலும் நோய் எந்தக் கட்டத்தில் இருந்தது என்று தரம் பிரித்து, ஆர்.என்.ஏ.வைப் படித்து, அதே ஆளின் டி.என்.ஏ.வோடு சேர்த்துப் பார்த்தார்கள். இந்த இடத்தில் இந்த எழுத்து உள்ளவர்களின் விழித்திரையில் இந்த மரபணு கூடுதலாக வெளிப்படுகிறதா, குறைவாகவா என்று 10,000-க்கும் மேற்பட்ட மரபணுக்களுக்குக் கணக்கு கிடைத்தது. அந்தக் கணக்கை வைத்து ஆறு தெருக்களில் "இந்த வீடாகத்தான் இருக்கும்" என்று வீட்டு எண்ணைச் சொல்ல முடிந்தது. 34-இல் ஆறுதானா என்று கேட்பீர்கள். முன்பு எத்தனை தெரிந்திருந்தது என்றும் யோசியுங்கள்.

இப்போது நான் நோட்டில் இரண்டு கோடு போட்டு வைத்த வரிக்கு வருகிறேன். அந்த 453 பேரில் நோய் இல்லாதவர்கள் 105 பேர். மீதி 348 பேருக்கும் இந்த மாக்குலா நோய் ஏதோ ஒரு கட்டத்தில் இருந்தது. கெட்டுப்போன கண்கள். நல்ல கண் மட்டும் போதும் என்று கண் வங்கி சொல்லியிருந்தாலோ, "இது யாருக்கு ஆகும்" என்று அந்த 348 வீடுகளில் விட்டிருந்தாலோ, இந்த ஆய்வே நடந்திருக்காது. ஒப்பிட இரண்டு பக்கமும் வேண்டும். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "348 பேரா?" என்று மட்டும் கேட்டார்.

இதே நிறுவனத்தில் டேவிட் மெக்காகி என்பவரின் குழு ஒரு இணையக் கருவி செய்து வைத்திருக்கிறது. பெயர் ஐ-இன்டக்ரேஷன். உலகில் பல ஆய்வகங்கள் தனித்தனியாக வெளியிட்ட கண் திசுத் தகவல்களை ஒன்றாக்கி, ஜி.டி.இ.எக்ஸின் மற்ற உறுப்புகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். காசு கிடையாது. ஒரு மரபணுவின் பெயரைத் தேர்ந்தெடுத்து, எந்தத் திசுக்கள் வேண்டும் என்று சொன்னால் படம் வரைந்து காட்டும். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்த நானே பேரனின் மடிக்கணினியில் திறந்து பார்த்தேன் என்றால் நீங்கள் பார்க்க முடியாதா?

முதலில் ஆர்.எச்.ஓ. என்று போட்டேன். மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவும் ரோடாப்சின் புரதத்தின் மரபணு. விழித்திரையில் உச்சத்தில் நின்றது. கருவிழியில் தரையோடு தரை. அடுத்து ஆர்.பி.இ.65. விழித்திரைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் நிறமி அடுக்கின் சுருக்கப் பெயர்தான் ஆர்.பி.இ.; அங்கே வெளிப்படுவதாலேயே அந்த மரபணுவுக்கு அந்தப் பெயர். பெயரே விலாசம். இந்த மரபணு பழுதானால் குழந்தையிலேயே பார்வை போகும் ஒரு நோய் வருகிறது. அதற்கு நல்ல மரபணுவை விழித்திரைக்கு அடியில் செலுத்தும் சிகிச்சைக்கு 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எந்த அணுவில் எழுதப்படுகிறது என்று தெரிந்ததால்தான் எந்த அணுவில் கொண்டுபோய் வைப்பது என்றும் தெரிந்தது.

மூன்றாவதாக சி.எஃப்.எச். போட்டுப் பார்த்து அசந்துபோனேன். அது கண்ணுக்கு மட்டும் உரியது இல்லை. கல்லீரலில் நிறைய, இன்னும் பல இடங்களிலும் உண்டு. ஆனால் நோய் தெரிவது கண்ணில். ஏன் என்று மாணவியிடம் கேட்டேன். அதைத்தான் பல ஆய்வகங்கள் ஆராய்ந்துகொண்டிருக்கின்றன என்றாள்.

அவள் இன்னொன்றும் சொன்னாள். விழித்திரையை மொத்தமாக அரைத்து ஆர்.என்.ஏ. எடுத்தால், பள்ளிக்கு வெளியே ரோட்டில் நின்று கூச்சலைக் கேட்பது போலத்தான். எந்த வகுப்பின் குரல் என்று பிரியாது. 2015-இல் ஹார்வர்டில் ஒரு குழு எலியின் விழித்திரையில் 44,808 அணுக்களைத் தனித்தனியே எண்ணெய்க்குள் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகளில் அடைத்து, ஒவ்வொன்றின் ஆர்.என்.ஏ.வுக்கும் ஓர் அடையாளக் குறி ஒட்டிப் படித்தது. அரசுத் தேர்வு விடைத்தாளில் பதிவெண் போடுவது மாதிரி. எல்லாத் தாளும் ஒரே கட்டில் கலந்தாலும் யாருடையது என்று தெரியும். 39 வகை அணுக்கள் பிரிந்து வந்தன. பிறகு மனித விழித்திரையிலும் இதே மாதிரி செய்தார்கள். அதற்கும் தானம் கொடுத்த கண்தான், அதுவும் சீக்கிரம் எடுத்த கண்.

உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இந்தக் கருவியில் நம் குடும்பத்துக்கு நோய் வருமா என்று பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். முடியாது. இது ஜாதகம் இல்லை. உங்கள் மரபணுவை இதில் போட்டுப் பார்க்க முடியாது. ஒரு திசுவில் பொதுவாக எந்த மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்று மட்டும் காட்டும். அதிலும் இறந்தபின் எடுத்த திசு, எடுக்க ஆன நேரம், வயது எல்லாம் அளவைப் பாதிக்கும். எந்த வழியில் வந்தது, அம்மா வீட்டு வழியா அப்பா வீட்டு வழியா என்ற ஆராய்ச்சியையும் தயவுசெய்து விடுங்கள். பல மரபணுக்களும், வயதும், புகைப்பழக்கமும் சேர்ந்து வரும் நோய் இது. நம் வீடுகளில் இந்த மாதிரிப் பேச்சு கடைசியில் ஏதாவது ஒரு மருமகள் தலையில்தான் வந்து முடிகிறது, எத்தனையோ பார்த்துவிட்டேன்.

உடன்பிறந்தவர்களுக்கு வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது மட்டும் உண்மை. அதனால் நான் வருடம் ஒருமுறை விழித்திரைப் பரிசோதனைக்குப் போகிறேன். வீட்டில் கட்டம் போட்ட கணக்கு நோட்டுத் தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கிறேன். புள்ளியைப் பார்க்கும்போது கோடுகள் வளைந்தாலோ நடுவில் கட்டங்கள் மறைந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஐம்பது தாண்டிய என் பழைய மாணவர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். முதல் செட் பிள்ளைகளுக்கு எல்லாம் தலை நரைத்துவிட்டது, தெரியும்.

இந்த ஆராய்ச்சியால் மருந்து வந்ததா? 2023-இல் உலர் வகையின் முற்றிய நிலைக்கு அமெரிக்காவில் இரண்டு மருந்துகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். இரண்டும் 2005-இல் சி.எஃப்.எச். சுட்டிக்காட்டிய அதே எதிர்ப்புச் சக்திப் பிரிவைத் தடுப்பவை. கண்ணுக்குள் போடும் ஊசிகள். தேய்வதன் வேகத்தைக் குறைக்கும். போன பார்வையைத் திருப்பித் தராது. முதல் தடயத்திலிருந்து மருந்துவரை 18 வருடம். அக்காவுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது என்பதை மறைக்காமல் சொல்லிவிட்டேன்.

இன்னொரு விஷயம்தான் என்னை இதை எழுத வைத்தது. மினசோட்டாவில் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். 2016 கணக்கிலும் பெரும்பான்மை அவர்களே. அவர்கள் மரபணுவில் கண்ட எழுத்து மாற்றங்கள் நம்மிடம் அதே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. நம்மவர் கண்ணைப் பற்றித் தெரிய நம்மவர் கண்தான் வேண்டும். மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா போன்ற மருத்துவமனைகளுக்குச் சொந்த ஆராய்ச்சிப் பிரிவுகள் உண்டு. வேலை செய்ய ஆள் இருக்கிறது.

இனி நேராக விஷயம். மாக்குலா தேய்ந்தவர், கண்ணாடி போட்டவர், புரை ஆபரேஷன் செய்தவர், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர் எல்லாரும் கண் தானம் செய்யலாம். மாக்குலா இருப்பது கண்ணின் பின்புறம். மாற்று அறுவைக்குப் பயன்படுவது முன்னால் இருக்கும் கருவிழி. அக்காவின் கருவிழி நன்றாக இருந்தால் இன்னொருவருக்குப் பார்வை தரும். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி, வெறிநாய்க்கடி நோய், உடல் முழுவதும் பரவிய கிருமித்தொற்று போன்றவை இருந்தால் மட்டும் எடுக்க மாட்டார்கள். முடிவைக் கண் வங்கிக்காரர்கள் சொல்வார்கள், நாம் சொல்ல வேண்டாம்.

ஆராய்ச்சிக்கும் கொடுக்க விரும்பினால் அதைத் தனியாகக் கேளுங்கள். பல இடங்களில் இப்போது கருவிழியை மட்டும் எடுக்கிறார்கள். விழித்திரை வேண்டுமென்றால் முழுக் கண்ணையும் எடுக்க வேண்டும். எல்லாக் கண் வங்கியிலும் அதற்கு ஏற்பாடு இருக்காது. முன்கூட்டியே போன் செய்து, ஆராய்ச்சிக்கு ஏற்கிறீர்களா, சம்மதப் படிவத்தில் அது இருக்கிறதா என்று கேட்டு எழுதி வையுங்கள்.

நேரம்தான் முக்கியம். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ஆராய்ச்சிக்கு இன்னும் சீக்கிரம் என்றால் நல்லது. இமையை மூடி ஈரப் பஞ்சு வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். தலைக்கு ஒரு தலையணை. அவர்கள் வீட்டுக்கே வருவார்கள், அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், முகம் விகாரமாகாது.

கடைசியாக அக்கா மகனுக்கு. தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும், போன பதிவுக்கும் லைக் போட்டிருந்தாய். அம்மா படிவத்தில் கையெழுத்துப் போட்டாலும், அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் நீ சம்மதிக்காவிட்டால் யாரும் கண்ணைத் தொட மாட்டார்கள். அதனால்தான் சித்தி உன்னை இவ்வளவு தொந்தரவு செய்கிறேன். அடுத்த பிறவியைப் பற்றி உன்னோடு வாதாட எனக்குத் தெரியாது. அம்மாவே சொன்னதைச் சொல்கிறேன். போன வாரம் படிவத்தை வாசித்துக் காட்டியதும், கையெழுத்துப் போட வேண்டிய கோட்டின் மேல் என் விரலை வைக்கச் சொல்லி, அந்த விரலை ஒட்டியே பேனாவை நகர்த்திக் கையெழுத்துப் போட்டார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டிருக்கிறேன். இன்னொரு சாட்சிக்கு இடம் காலியாக இருக்கிறது. பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா, அப்போது நிரப்பிக்கொள்ளலாம். கண் வங்கியின் எண்ணைச் சாமி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். இரவு எத்தனை மணியானாலும் எடுப்பார்கள், ஒரு தடவை நானே இரவு பதினொன்றரைக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

மற்றவர்கள் சந்தேகம் இருந்தால் கமெண்டில் கேளுங்கள். எனக்குத் தெரியாததை அந்த மாணவியிடம் கேட்டுச் சொல்கிறேன்.